கொக்கு நிற்கிற பள்ளம்

கொழுந்தனுக்கு ஞானம் பிறந்தது ஒரு மாநாட்டில். குளிரூட்டிய அறையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, பூமி சூடாவதைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பியபோது ஆளே மாறிப்போயிருந்தான். அந்தக் கடற்கரை ஓட்டலில் அன்றோடு பிளாஸ்டிக் ஸ்ட்ரா ஒழிந்தது. காகித ஸ்ட்ரா வந்தது. ஜூஸ் பாதி இறங்குவதற்குள் அது வாயிலேயே கூழானது. துண்டைத் தினமும் துவைக்கக் கேட்காதீர்கள், கடல் உங்களை வாழ்த்தும் என்று ஒவ்வொரு குளியலறையிலும் ஓர் அட்டை தொங்கியது. வேலையாட்கள் அவனுக்குப் 'பசுமை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அது அவன் காதுக்கும் எட்டியது. பாராட்டு என்று நினைத்துக்கொண்டான்.

கணவர் இறந்தபிறகு ஓட்டலில் பாதி அண்ணிக்கு, பாதி கொழுந்தனுக்கு. அடுப்படி, அறைகள், சலவை எல்லாம் அவள் தலையில். வாசலில் நின்று பேசுவது மட்டும் கொழுந்தன் பொறுப்பு. அதற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கழிவுநீருக்குப் பெரிய டேங்க். செப்டிக் டேங்க் கட்டியபோது ஓட்டலில் இருந்தது கீழ்த்தளம் மட்டும். இப்போது மேலே இரண்டு மாடி ஏறிவிட்டது. டேங்க் அதே டேங்க். நிரம்பி வழிவதெல்லாம் வேலிக்கு அடியில் ஒரு குழாய் வழியாக மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் போய்த் தேங்கியது. பள்ளத்தை ஒட்டி ஒரு தெரு. அந்தத் தெருவில் அவளுடைய சொந்த அக்காவின் வீடு. கிணற்றில் வாளியை இறக்கினால் தண்ணீருக்கு முன்னால் நாற்றம் மேலே வந்தது. அக்காவின் பேத்திக்கு உடம்பெல்லாம் சிரங்கு.

"தம்பி, அந்த டேங்க்கை முதல்ல பாரு. அக்கா வீட்டுல குழந்தை தூங்காம சொறிஞ்சுக்கிட்டே கெடக்குது."

"அண்ணி, அது சுத்திகரிச்ச தண்ணி. மண்ணே வடிகட்டிடும். இயற்கைக்கு நாம சொல்லித்தரணுமா?"

"நீ எங்க சுத்திகரிச்ச?"

"முதல்ல விருது வரட்டும் அண்ணி. அப்புறம் எல்லாம் பண்ணிடலாம்."

பொறுப்பான ஓட்டலுக்கு ஏதோ ஒரு விருதாம். விருதுக் குழுவிலிருந்து ஓர் அம்மாள் பார்க்க வருவதாக இருந்தது. விருந்தாளிகளே கடற்கரையைச் சுத்தம் செய்வதைக் காட்டிவிட வேண்டும் என்று கொழுந்தன் ஒற்றைக்காலில் நின்றான். அதில் ஒரு சிக்கல். பெருக்குகிறவர்கள் விடிவதற்கு முன்பே மணலைத் துடைத்து வைத்துவிடுவார்கள். பொறுக்க ஒரு காகிதத்துண்டு கிடைக்காது. அதனால் ஸ்டோர் ரூமில் ஒரு மூட்டை குப்பை வைத்திருந்தான். எல்லாம் கழுவிய பாட்டில், காயவைத்த பை. விருந்தாளி கை அழுக்காகக் கூடாது பாருங்கள். பெருக்கியவர்களே அதைத் தூவ வேண்டும்; பொறுக்கி முடித்ததும் அது மூட்டைக்குத் திரும்பும். அந்த ஓட்டலில் நிரந்தர வேலை அந்தக் குப்பைக்கு மட்டும்தான் இருந்தது.

அம்மாள் வந்த அன்று காற்று பலமாக வீசியது. தூவிய பைகளெல்லாம் வேலியைத் தாண்டிப் பறந்தன. அந்த அம்மாளோ வேகக்காரி. கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு பையைத் துரத்தியபடி மணல்மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கி, நேராகப் பள்ளத்தின் கரையில் போய் நின்றார். பின்னால் ஓடிய கொழுந்தனின் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. மாட்டிக்கொண்டான், இனி டேங்க் வந்துவிடும்.

பள்ளத்தில் பாசி பிடித்த தண்ணீர். அதில் புழு பொறுக்கிக்கொண்டு வரிசையாகக் கொக்குகள்.

"எவ்வளவு பறவைங்க. இந்த நீர்நிலைய நீங்களே உருவாக்குனீங்களா?" என்றார் அந்த அம்மாள், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

கொழுந்தனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆமாம்மா. பறவைங்களுக்காகவே தண்ணி விடுறோம்."

அண்ணியால் பொறுக்க முடியவில்லை. "அம்மா, இது எங்க ஓட்டல் கக்கூஸ் தண்ணி."

"அதத்தான் நானும் சொல்றேன். கழிவக்கூட வீணாக்கல பாருங்க," என்றார் அம்மாள்.

விருது வந்தது. பள்ளத்தின் கரையில் 'பறவைகள் புகலிடம்' என்று பலகையும், உட்கார்ந்து பார்க்க பெஞ்சும் வந்தன. வரும் காற்றுக்கு ஏற்றபடி விருந்தாளிகள் பெஞ்சை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அண்ணி மறுபடியும் டேங்க் பேச்சை எடுத்தாள்.

"இப்ப டேங்க் கட்டுனா பள்ளம் காஞ்சிடும் அண்ணி. பாவம், பறவைங்க எங்க போகும்?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குழந்தைக்குச் சொறிந்து சொறிந்து ரத்தம் கசிகிறது, இவனுக்குக் கொக்கின் மேல் பாவம். இவனோடு இனிப் பேசிப் பயனில்லை என்று பிளம்பரைக் கூப்பிட்டாள்.

"வேலிக்கு இந்தப் பக்கமே குழாய அடைச்சிடு. சிமென்ட் வச்சு."

"அடைச்சா தண்ணி எங்கம்மா போகும்?"

"எங்கேருந்து வந்துச்சோ அங்கேயே போகட்டும்."

விருந்தாளிகள் தங்குவது மாடிகளில். கீழே, ஆபீசுக்குப் பக்கத்தில், கொழுந்தனின் அறை மட்டும்தான்.

மறுநாள் மாலை அவள் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது கொழுந்தன் ஓடி வந்தான். கால்சட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தது. கக்கத்தில் விருது.

"அண்ணி, என் பாத்ரூம்ல தண்ணி மேல வருது. கட்டில் வரைக்கும் வந்துடுச்சு."

"வரட்டுமே தம்பி. சுத்திகரிச்ச தண்ணிதானே?"

"நாத்தம் தாங்கல அண்ணி. ஒரு நிமிஷம் நிக்க முடியல."

"நிக்காத, பெஞ்ச எடுத்துப் போட்டு உக்காரு. கொக்கு வரும்."

"குழாயத் தொறக்கச் சொல்லுங்க அண்ணி."

"டேங்க் கட்டி முடி. அப்புறம் அந்தக் குழாயத் தொறக்கவே வேண்டியிருக்காது."

டேங்க்குக்குத் தோண்டுகிற ஆட்கள் விடியும்போதே வந்துவிட்டார்கள். அக்கா வீட்டுக் குழந்தைக்காக இத்தனை நாள் வராதவர்கள், கொழுந்தனின் கட்டிலுக்காக ஓடி வந்தார்கள்.