குண்டூசி மெத்தையில் தூங்கிய மீன்கள்

மழைக்குட்டையில் பிறந்து, குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து, காதலித்து, சண்டை போட்டு, சேற்றில் முட்டையிட்டுச் செத்துப்போகிற மீன் ஒன்று உண்டு. முட்டைக்குள் இருக்கும் குஞ்சு மட்டும் பாதி வளர்ச்சியில் அப்படியே நின்றுவிடும். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்த எனக்கு இது சட்டென்று புரிந்தது. இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற லிஃப்ட். உள்ளே ஆள் இருக்கிறார், நகரவில்லை, அவ்வளவுதான். அடுத்த மழைக்குப் புறப்படும்.

ஓய்வுபெற்ற பிறகு நான் வளர்த்தது அந்த மீனைத்தான். என் ஆண் மீனின் நிறத்தைப் பார்த்துச் சூரியனே ஒரு நாள் மேகத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. சாட்சி வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள். கடைசி ஜோடியும் கண்ணை மூடியது (மீனுக்கு இமை கிடையாது, இருந்தாலும் மூடியது). மிஞ்சியவை, ஈரத் தேங்காய் நார்த்தூளில் அவை இட்ட முட்டைகள். அந்தத் தூளைப் பையில் கட்டி, தையல்காரியான என் மனைவியின் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். அந்தப் பை போனால் வம்சமே போச்சு. எனக்கு மீன் கொடுத்த நண்பர்கூட இப்போது மீனை விட்டுப் பாம்பு வளர்க்கிறார்.

தண்ணீர் ஊற்ற வேண்டிய நாள் வந்தது. அலமாரியைத் திறந்தேன். பை மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடித்து! இஸ்திரி போட்டதுபோல!

"ஏம்மா, இதுக்குள்ள இருந்தது எங்க?"

அவள் ஒரு கல்யாண கவுனின் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசிகள். "ம்ம்," என்று மேஜையைக் காட்டினாள். அங்கே பரங்கிக்காய் அளவில், சிவப்பு வெல்வெட்டில், புத்தம்புதிய பின் குஷன் உட்கார்ந்திருந்தது.

ஓடிப்போய் அமுக்கிப் பார்த்தேன். உள்ளே என் நார்த்தூள்.

ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துவிட்டு அவள் ஆரம்பித்தாள். "நானே கேக்கணும்னு இருந்தேன். என்ன நாருங்க அது? குத்தி வெச்ச ஊசியெல்லாம் துரு பிடிச்சுப் போச்சு. அதான் வாயில வெச்சுக்கிட்டுத் திரியறேன்."

"நாரா? அது என் மீனோட பிரசவ வார்டும்மா! அதுல போய் ஊசி குத்தியிருக்கியே!"

"ஆஸ்பத்திரின்னா ஊசி குத்தத்தான செய்வாங்க?"

"உடனே பிரி!"

"கவுன் சாயங்காலம் போகணும். முடிச்சுட்டுப் பிரிக்கிறேன். மாசக்கணக்கா தூங்கினது இன்னும் கொஞ்ச நேரம் தூங்காதா?"

அந்த மீனைப் பற்றி நான் இத்தனை நாள் அளந்த பெருமையெல்லாம் அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. பின் குஷனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரசவ வார்டு வாசலில் புருஷன் உட்கார்வதுபோல.

கவுன் போனதும் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, கடிகாரம் பழுதுபார்ப்பவன். அவன் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடிக்காக நான்தான் கூப்பிட்டிருந்தேன்.

"மாமா, ஊருக்கெல்லாம் லிஃப்ட் சரிபண்ணீங்க, உங்க மேல்மாடிய யார் பாக்கறது?"

"கிண்டலை அப்புறம் வெச்சுக்கோ. பாருடா!"

மனைவி தையலைப் பிரித்து, தூளை ஒரு தட்டில் கொட்டினாள். மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாமணத்தால் கடுகளவு முட்டையைத் தூக்கினான். அப்படியே தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அக்கா... இது என்னைப் பாக்குது."

"போடா!"

அவளும் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். முட்டைக்குள் சுருண்ட உடம்பு, அதில் தங்க வளையம் போட்ட இரண்டு கண்கள். அவள் சத்தமே போடவில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

கண்ணாடிப் பாத்திரத்தில் தூளைப் போட்டுக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. டீ குடித்தோம். ஒன்றும் நடக்கவில்லை. "எத்தனை முட்டையைக் குத்தித் தொலைச்சேனோ," என்று அவள் முணுமுணுத்தாள். அதைக் கேட்டபோது என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அக்கா, அங்க பாரு!"

கமா அளவில் ஒன்று துள்ளியது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு பந்தியே எழுந்து வந்தது. முதல் குஞ்சு என்னைப் பார்த்துத் தலையாட்டியது என்று நான் சொன்னால் மச்சான் மறுப்பான், அவனை நம்பாதீர்கள்.

"அவ்வளவுதானா? மத்ததெல்லாம்?" என்றாள் மனைவி.

"அதுங்க எழுந்திருக்காது. மழை ஏமாத்திடுச்சுன்னா எல்லாரும் ஒண்ணா சாகக்கூடாதுல்ல? பாதிப் பேர் அடுத்த மழைக்குக் காத்திருப்பாங்க. தூளை மறுபடி உலர்த்தி வெக்கணும். குடு, நான் அலமாரியில..."

"நீங்க வெச்ச லட்சணம்தான் பாத்தோமே."

தூளை வடிகட்டி, பிழிந்து, அவளே ஒரு பை தைத்தாள். அதைத் தன் நல்ல கத்தரிக்கோல்கள் இருக்கும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். அந்தச் சாவியை இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் தந்ததில்லை.

இப்போதும் தரவில்லை.