பெண்கள் நேரம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. நீந்தினால் நல்லது என்றார் டாக்டர். துணைக்கு அண்ணியையும் இழுத்துக்கொண்டு ஊர்ப் பொது நீச்சல்குளத்துக்குப் போனாள்.

புதன் மாலை ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும். கண்ணாடிச் சுவருக்குத் திரை, யாரும் மூழ்காமல் பார்த்துக்கொள்ளும் காவலுக்கும் ஒரு பெண். அந்த ஊரில் பிழைக்க வந்த அவர்கள் இனத்துப் பெண்கள் நடையாய் நடந்து வாங்கிய நேரம் அது.

"நான் இறங்கினா குளத்துல தண்ணி மிஞ்சாதுடி" என்றாள் அண்ணி. இறங்கிய பிறகு அவளைக் கரையேற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

இவள் பல வாரம் கம்பியை விடவே இல்லை. ஒருநாள் காவல்காரப் பெண் இவள் முதுகுக்கடியில் உள்ளங்கையை வைத்து, மெல்ல எடுத்துவிட்டாள்.

"அண்ணி, மிதக்கறேன்!"

"வாய மூடுடி, தண்ணி போயிடும்!"

அடுத்த மாதம் அந்தப் பெண் வேறு ஊருக்கு மாறிப் போனாள். காவல் நாற்காலியில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். நல்லவன்தான்; தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஆனாலும் பெண்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு உடைமாற்றும் அறையிலேயே நின்றார்கள்.

"அவன் என்ன பண்ணுவான், பாவம். அதுக்காக இந்தக் கோலத்துல எப்படி வெளிய போறது?" என்றாள் அண்ணி.

வேறு பெண் கிடைக்கும்வரை பொறுங்கள் என்றார் மேலாளர். பொறுத்தார்கள். வாரத்துக்கு வாரம் கூட்டம் கரைந்தது. கடைசியில் இவர்கள் இருவர் மட்டும் வந்து, உலர்ந்த தலையோடு திரும்பினார்கள். பிறகு அந்த நேரத்தை ஒரு நீச்சல் குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அவள் மேலாளரைப் பார்க்கப் போனாள். அவருடைய மொழியில் பேச வேண்டியதை பஸ்ஸிலேயே முணுமுணுத்துப் பார்த்திருந்தாள்.

அவர் அன்பாகத்தான் பேசினார். "நாங்க செஞ்சு குடுத்தோம். வரத்தான் ஆள் இல்ல. உங்க ஆளுங்களுக்கு விளையாட்டுல ஆர்வம் கம்மி போல, இல்லையா?"

தமிழில் என்றால் கொட்டித் தீர்த்திருப்பாள். அந்த மொழியில் அவளுக்குக் கிடைத்தது ஒரே சொல்தான்.

"தயவுசெஞ்சு..."

அவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

வெளியே அண்ணி பரபரத்தாள். "என்னடி சொன்னாரு?"

"பாக்கலாம்னாரு."

"அப்ப திரும்ப ஆரம்பிச்சிடுவாங்க. நானும் மிதக்கப் பழகிடறேன் பாரு."

"பஸ் வந்துடுச்சு. ஏறுங்க அண்ணி" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.