கண்ணாயிரத்தின் கடைசி வெடி

"செத்த பெறவும் ஒரு வெடி வெடிப்பேன். முசரவாக்கத்துல ஒரு காக்கா உக்காராது, பாரு!"

கண்ணாயிரம் இதைச் சொல்லாத ஆள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாக்கியில்லை. ஒரே வெடியில் மூன்று காட்டுப்பன்றியைச் சாய்த்ததாகவும், நாலாவது பன்றி சத்தத்துக்கே பயந்து தானாக ஸ்டேஷனுக்குப் போய்ச் சரணடைந்ததாகவும் சொன்ன வாய். அந்த வாயை இன்று காலையில் வெள்ளைத் துணியால் கட்டி, உச்சி வெயிலில் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். மகள் பொன்னி வீடுகூடக் கழுவவில்லை. கட்டிலுக்கடியில் தலையை விட்டு, அவருடைய துப்பாக்கியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, கெடைச்சுதா?"

கேட்டவர் ஏட்டு குமரகுரு. மாலையோடு வந்து கும்பிட்டு, ஆண்களெல்லாம் பிணத்தோடு போன பிறகுதான் மெதுவாகப் பேச்செடுத்தார். பயிர்க்காவலுக்கு வாங்கிய லைசென்ஸ் கண்ணாயிரம் பேரில் இருந்தது. ஆள் போனால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். வாரிசுக்கு வேண்டுமென்றால் புதிதாக மனுப் போட்டு, தாசில்தார் விசாரித்து, போலீஸ் விசாரித்து, கேஸ் கீஸ் எதுவும் இல்லையென்று எழுதி வர வேண்டும்.

"காணோம்னு சொன்னா கேஸு ஒம்மேலதாம்மா வரும். வாரிசு நீ ஒருத்திதானே?"

"உத்தரத்துலதான் சார் மாட்டியிருக்கும். இப்ப வெறும் உறைதான் தொங்குது."

சுவரோரம் சாய்ந்திருந்த அம்மா அலமு மூக்கைச் சிந்தினாள். "என்னைக் கட்டிக் குடுக்கறப்போ அந்தாளைப் பத்தி எங்கப்பன் ஒரு வார்த்தை விசாரிக்கல. துப்பாக்கிக்கு ஒவ்வொரு தபாவும் ஊரே விசாரிச்சுது. எலெக்ஷனுக்கு அதை ஸ்டேஷன்ல வுட்டுட்டு வந்தா ரெண்டு நாளு சோறு துன்ன மாட்டாரு."

பொன்னி உறையை இழுத்து உதறினாள். வெடிமருந்து டப்பா விழுந்து உருண்டது. வெள்ளிக்கிழமை தூசி தட்டும்போது முக்கால் டப்பா இருந்தது. இப்போது காலி.

வெள்ளிக்கிழமைக்கப்புறம் அப்பா ஒரே ஒரு தடவைதான் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே மாட்டுக்கொட்டகைக்குப் போய், மூச்சு வாங்கத் திரும்பி வந்து சொன்னார்: "சுடுகாட்டுல எம்மேல மூடறதுக்கு வைக்கோலு கட்டி வச்சிருக்கேன். வேற வைக்கோலு போட்றாதே."

அந்த வைக்கோல் கட்டை அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தவள் பொன்னிதான். டிராக்டரில் ஏற்றும்போது அவள் புருஷன் பாண்டியன், "வைக்கோலா, கருங்கல்லா?" என்றுகூடக் கேட்டான்.

மகன் இல்லாத வீடு. பாண்டியன்தான் கொள்ளி வைக்க வேண்டும்.

பொன்னி அவனுக்குப் போன் போட்டாள். அது மாடத்திலேயே அடித்தது. குளிக்கப் போகும்போது வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"சார், வண்டிய எடுங்க! துப்பாக்கி வைக்கோலுக்குள்ள இருக்குது. மருந்தைக் கெட்டிச்சு வச்சிருக்காரு!"

ஏட்டு சிரித்தே விட்டார். "நீயும் உங்கப்பன் மாதிரியே வுடறியேம்மா. செத்தவரு வெடிப்பாரா? எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க, அதைச் சொல்லு."

"சார், என் வீட்டுக்காரரு அங்க நெருப்போட நிக்கிறாரு சார்..."

படீர்!

தகரக் கூரை அதிர்ந்தது. கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. காஞ்சிபுரத்துக் கோபுரப் புறாக்களெல்லாம் எழுந்து ஒரு சுற்று சுற்றியிருக்கும். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. பொன்னி வாசலுக்கு ஓடினாள். வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரப்பையே பார்த்தாள்.

வெகு நேரம் அங்கே யாரும் வரவில்லை.

பிறகு ஒரு ஈர வேட்டி. மேலெல்லாம் சாம்பல்.

"பனைமரத்து உச்சியே போச்சு, பொன்னி," என்றான் பாண்டியன். "ஆருக்கும் ஒண்ணும் ஆவல. தூக்கிக்கினு வந்தவனுங்க இன்னும் ஓடிக்கினுதான் இருக்கானுங்க, இந்நேரம் பெரும்புதூரையே தாண்டியிருப்பானுங்க."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள், விடவில்லை.

ஏட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். பேனா காகிதத்தின் மேலேயே நின்றது.

"இன்னான்னும்மா எழுதறது?"

"வெடிச்சாருன்னு எழுதுங்க," என்றாள் அலமு.

ஏட்டு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அண்ணாந்து வேப்பமரத்தைப் பார்த்தார். கிளைக்குக் கிளை தேடினார். ஒரு காக்கை இல்லை.

"ஆமாம்மா," என்றார். "வெடிச்சாருதான்."