கறுப்புக் கம்பளி வாங்க ஆளில்லை

என் வீட்டுக்காரர் சின்னராஜுக்கு அஷ்டமச் சனி நடப்பது தெரியாத ஆள் எங்கள் ஜவ்வாது மலையில் கிடையாது. அவரே சொல்லிவிட்டார். ரேஷன் கடை வரிசையில் சொன்னார். ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டால், இறங்கும் ஊருக்கு முன்னால் சனியைச் சொன்னார். எதிரில் வருகிறவர் மரியாதைக்கு "நல்லா கீறியாப்பா" என்று கேட்டுவிட்டால் தொலைந்தார். அவரைப் புளியமரத்து நிழலுக்கு ஓரம் கட்டி, சிம்ம ராசி, எட்டாம் இடம், இரண்டரை வருஷம் என்று முதலில் இருந்து ஆரம்பித்துவிடுவார். மனதில் கள்ளம் இல்லாத மனுஷன். வாய்க்குக் கதவும் இல்லாத மனுஷன்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. ஒரு பஞ்சாங்கத்தில் சனிப்பெயர்ச்சி போன வருஷமே முடிந்துவிட்டது. இன்னொரு பஞ்சாங்கத்தில் அதற்கும் ஒரு வருஷம் கழித்துத்தான். எது சரி என்று பெரியவர்களே சண்டை போட்டுக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் எது முன்னால் வருகிறதோ அதைப் பிடித்துக்கொண்டார்.

சனி அப்படி என்னதான் செய்தார் என்றால், வண்டி பஞ்சர் ஆனது. வெள்ளாடு போன் சார்ஜரின் ஒயரைத் தின்றது. ஆனி மாதத்தில் பலாப்பழம் விழுந்து கொட்டகை ஷீட் உடைந்தது. சார்ஜரை ஆட்டுப்பட்டிப் பக்கம் போட்டது யார், பலா மரத்துக்கு நேர் கீழே கொட்டகை போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால், அப்படிப் புத்தி போனதே சனியால்தான் என்பார். அந்த வாதத்தை யாராலும் ஜெயிக்க முடியாது.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் அவருடைய சனி என் மெஷின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்கள் மகளிர் குழுவுக்குச் சாமையைத் தோல் நீக்கும் மெஷின் ஒன்று ஐப்பசியில் வந்து இறங்கியது. மெஷினுக்கு மூன்று பேஸ் கரண்ட் வேண்டும். அது எங்கள் கிணற்று மோட்டாருக்கு மட்டும்தான் இருந்தது. அதனால் எங்கள் கொட்டகையிலேயே மெஷினை வைத்தோம். சாமையைத் தோலோடு விற்றால் செங்கம் வியாபாரி சொன்னதுதான் விலை. அரிசியாக்கி விற்றால் நாங்கள் சொன்னது விலை. இவ்வளவு நாளும் அரிசி வேண்டுமென்றால் உரலில் போட்டுக் குத்தவேண்டும். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து குத்துகிறேன். தோள் வலியால் என் வலது கையைப் போன வருஷத்தில் இருந்து தலைக்குமேல் தூக்க வராது. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. அந்த மெஷினைப் பார்த்தபோது குழந்தையைத் தொடுகிற மாதிரி தொட்டுப் பார்த்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், அவ்வளவு ஆசை.

என் வீட்டுக்காரரும் தொட்டுப் பார்த்தார். தொட்டவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"சசி, இது இரும்புடி."

"பின்ன மெஷின மண்ணுலயா செய்வாங்க?"

"இரும்பு சனியோடது. அஷ்டமத்துல புது இரும்ப வூட்டாண்ட ஓட வுட்டா இன்னா ஆவும்? யாருக்காச்சும் கை போச்சுன்னா? நீதான அதுங்கிட்ட நிக்கப் போற?"

அன்றைக்கே என்னையும் இழுத்துக்கொண்டு மலை இறங்கி, கண்ணமங்கலத்தில் இருக்கும் ஜோசியர் ரங்கசாமியிடம் போனார். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். ஆனால் அந்த மனிதர் ஹோமம், யாகம் என்று எதுவும் ஆரம்பிக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"பெருசா ஒண்ணும் செய்ய வேணாம்பா. சனிக்கிழமையில காக்காவுக்கு எள்ளு சாதம் வையி. ஒரு நல்லெண்ணெய் வெளக்கு ஏத்து. குளுருல கஷ்டப்படறவங்களுக்கு ஒரு கறுப்புக் கம்பளி குடு. வாங்கறவங்க மனசார வாங்கணும், அதான் முக்கியம். குடுத்துட்டு மெஷின ஓட்டு, ஒண்ணும் ஆவாது."

இவ்வளவுதானே என்று நினைத்தேன். கார்த்திகைக் குளிரில் எங்கள் மலையில் கம்பளி வேண்டாம் என்பவர் யார்?

காக்கைகளுக்கு யோகம் அடித்தது. முதல் சனிக்கிழமை ஒரு காக்கை வந்தது. அடுத்த சனிக்கிழமை அதன் சொந்தபந்தமெல்லாம் வந்தது. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமையே வந்து கூரைமேல் உட்கார்ந்து அடுப்படியை எட்டிப் பார்த்தன. விளக்கும் குறையில்லாமல் எரிந்தது. கம்பளியில்தான் மாட்டிக்கொண்டோம்.

என் வீட்டுக்காரர் புதுக் கம்பளி ஒன்றை வாங்கிக்கொண்டு முதலில் சடையன் பெரியப்பாவிடம் போனார். கோயிலுக்குப் பின்னால் தனியாக இருக்கும் ஆடு மேய்க்கிற கிழவர். குளிர் காலத்தில் சாக்குப் பையைப் போர்த்திக்கொண்டு நடப்பார். கம்பளியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. வாங்கிப் பார்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மடித்து இவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம் சின்னராஜு. குளுரு தை மாசத்தோட போய்டும். உன் சனி ரெண்டரை வருசம் இருப்பான்."

சனிக்கு என்று கொடுக்கிற தானத்தை வாங்கினால் சனியும் கூடவே வந்துவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், அது வெறும் கம்பளியாகப் போயிருக்கும். மலை முழுக்கத் தண்டோரா போட்ட பிறகு யார் தொடுவார்கள்? அடுத்த சனிக்கிழமை, ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்த வெளியூர்ப் பிச்சைக்காரர் ஒருவர் கையை நீட்டிவிட்டார். இவர் சும்மா கொடுக்கக் கூடாதா? மனசார வாங்கவேண்டும் என்று ஜோசியர் சொன்னாரே என்று, எதற்காகக் கொடுக்கிறார் என்பதை முழுசாக விளக்கினார். நீட்டிய கை உள்ளே போய்விட்டது. "எனக்கு இன்னா ராசின்னே தெரியாது சாமி. தெரியாம எதுக்கு வம்பு?" என்றாராம் அவர்.

பீமன் அருவிக்கு வந்த கல்லூரிப் பையன்களிடம் நீட்டினார். விற்க வந்தவர் என்று நினைத்து விலை கேட்டார்கள். சும்மா என்றதும் பயந்துபோய் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கடைசியில் ஒரு நாள், யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று பஸ் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். திரும்பி வரும் ட்ரிப்பில் பஸ் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. கண்டக்டர் படியில் நின்று கம்பளியை நீட்டினார்.

"அண்ணா, உன் சனிய பஸ்ஸுலயே உட்டுட்டு போய்ட்ட."

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

ஆனால் அடுத்த சனிக்கிழமை சிரிப்பு நின்றுவிட்டது. மத்தியானம் குழுத் தலைவி வசந்தி வந்தாள். கொட்டகையில் சாமை மூட்டைகளுக்கு நடுவில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சசி, எவ்ளோ நாளிக்கிடி சாமைய எலிக்குப் போட்டுக்கினு இருக்கறது? திங்கக்கிழம செங்கத்து லாரி வருது. நாளிக்குள்ள மெஷின் ஓடலன்னா எல்லாரும் மூட்டைய ஏத்திடறோம். மெஷினயும் வேற ஊரு குழு கேக்குது. எங்களால இதுக்கு மேல தள்ள முடியாது."

அவள்மேல் தப்பில்லை. இன்னும் ஒரு நாள் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் நான் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தேன். தோள் வலி நரம்பு வழியாக விரல் வரைக்கும் இறங்கியது. மேல்பட்டுப் பக்கமெல்லாம் சுற்றிவிட்டு, கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இவர் வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, யாரும் வாங்கவில்லை. உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினேன்.

"குடு மாமா. நானே வாங்கிக்கறேன்."

"இன்னாது?"

"எனக்கும்தான் குளுருது. மனசாரத்தான் கேக்கறேன். குடுத்துட்டு மெஷின ஓட்டு."

கம்பளியைக் குழந்தையை ஒளிப்பது போல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "அது மட்டும் முடியாது சசி. உன் தலையில கட்ட மாட்டேன். இந்தக் கஷ்டம் உனக்கு வர வேணாம். மெஷின் போனா போவுட்டும்."

இவர் இப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தையும் மீறிக்கொண்டு கோபம் வந்தது.

"என் தலையில கட்ட மாட்ட. சடையன் பெரிப்பா தலையில கட்டலாமா? பஸ் ஸ்டாண்டுல பிச்சை எடுக்கறவன் தலையில கட்டலாமா? அவங்களுக்கு வந்தா அது கஷ்டம் இல்லியா?"

கம்பளியை முன்னால் கொண்டுவந்து அதையே பார்த்தார்.

இத்தனை நாள் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன். "இன்னொண்ணும் கேட்டுக்க. கண்ணமங்கலத்துல நீ டீ குடிக்கப் போனப்போ ஜோசியர்கிட்ட என் பொறந்த நாளையும் சொல்லிப் பாக்கச் சொன்னேன். எனக்கும் சிம்மம்தான். உனக்கு நடக்கற அதே சனிதான் எனக்கும் நடக்குது."

எங்கள் பக்கம் ஜாதகம் பார்த்துக் கல்யாணம் செய்யும் வழக்கம் இல்லை. அதனால் என் ராசி அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அவர் அப்படியே உரல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்டி சொல்லல?"

"எப்ப சொல்றது? ஆடு மேய்க்கணும், சோறு ஆக்கணும், இத்தக் குத்தணும். அதுல சனிய எங்க கொண்டுபோய் வெக்கறது?"

மெதுவாகக் கேட்டார்: "உனக்கு இன்னா பண்ணான்?"

தோளைக் காட்டினேன். வலிக்கிறது என்று முன்பும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் சொல்வது நிற்காததால், நான் சொல்வது அவர் காதில் ஏறியிருக்காது. எழுந்து வந்து தோளில் கை வைத்தார். உலக்கையை எடுத்து மிச்சச் சாமையை அவரே குத்தினார். பாதி சாமை தரையில் சிதறியது. சிதறியதை நான் முறத்தில் கூட்டி அள்ளினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே கம்பளியோடு சடையன் பெரியப்பா வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், மறுபடியும் ராசியை ஆரம்பித்தால் வாயைப் பொத்துவதற்கு.

"பெரிப்பா, இது தானம் இல்ல. இன்னிக்கு சனிக்கிழமையும் இல்ல. உனக்குக் குளுருது, அதுக்காக எடுத்துக்கினு வந்தேன்."

கிழவர் சந்தேகமாகப் பார்த்தார். "அப்போ சனி?"

"அது என்கிட்டயே இருக்கட்டும். யாருக்கும் குடுக்கறதா இல்ல."

சடையன் பெரியப்பா கம்பளியை வாங்கி, உதறி, தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டார். "நல்ல கதகதப்பா கீது" என்றார். இவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்கவேண்டுமே. கம்பளியைத் தூக்கிக்கொண்டு அலைந்த அத்தனை நாளிலும் அந்தச் சிரிப்பு வரவில்லை. மனசார வாங்கவேண்டும் என்று ஜோசியர் சொன்னார், சரிதான். கொடுப்பவரும் மனசாரக் கொடுக்கவேண்டும் போலிருக்கிறது.

"மெஷின ஓட்டிடலாம் சசி" என்று அவரே சொன்னதும், வழியிலேயே வசந்திக்குப் போன் போட்டேன். நாங்கள் வீடு திரும்புவதற்குள் குழுவில் எல்லோரும் கொட்டகை முன்னால் கூடிவிட்டார்கள். தார்ப்பாயை விலக்கினோம். வசந்தி சூடம் ஏற்றிக் காட்டினாள். சாமையைக் கொட்டியாயிற்று. பிறகு எல்லோரும் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யார் போடுவது என்று ஒரு தயக்கம். சிம்ம ராசிக்காரர் போடக் கூடாது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துச் சுவிட்சின்மேல் வைத்தார். அதன்மேல் தன் கையை வைத்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா போடலாம் சசி. யாரப் புடிக்கறதுன்னு சனியே கொழம்பிக்கட்டும்."

போட்டோம். கொட்டகையே அதிர்ந்தது. கூரையில் இருந்த காக்கைகள் பறந்து ஓடின. ஒரு பக்கம் உமி பறந்தது, இன்னொரு பக்கம் வெள்ளை வெளேரென்று சாமை அரிசி கொட்டியது. இவர் தவிட்டுத் தூசியில் நரைத்த தலையோடு மெஷின் வாய்க்குக் கீழே முறத்தைப் பிடித்துக்கொண்டு, "சசி, பாருடி, பாருடி" என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. கண்ணில் தூசி விழுந்துவிட்டதா என்று வசந்தி கேட்டாள். இல்லை, அழுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையை அவிழ்த்தேன்.