இறங்கு ஏலம்

காசிமேட்டில் மீன் ஏலம் கூவியே பல்லுப் போனவன் நான். எண் ஏறினால்தான் எனக்குச் சந்தோஷம், இறங்கினால் வாயில் கெட்ட வார்த்தை வரும். அப்பேர்ப்பட்ட என்னை ஆஸ்பத்திரி வார்டில் உட்காரவைத்து, ஒரு எண் இறங்கவேண்டுமென்று தினமும் சாமி கும்பிடவைத்துவிட்டாள் என் பெண்டாட்டி முத்தம்மா.

மீன்கூடையோடு வரும்போது ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எழுபது வயதிலும் ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. அதற்கப்புறம்தான் சி.ஆர்.பி. என்று ஒரு பேஜார் வந்து சேர்ந்தது. ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். உடம்புக்குள் எங்கேயாவது சீழோ வீக்கமோ இருந்தால் அந்த எண் ஏறுமாம். ஆபரேஷன் ஆனதும் ஏறத்தான் செய்யும், பிறகு தானாக இறங்கவேண்டும் என்றார்கள். இவளுக்கும் இறங்கியது. சந்தோஷத்தில் நர்ஸ் ஜெஸ்லினுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். மறுநாளே சனியன் திரும்ப ஏறிவிட்டது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“வயசானவங்களுக்கு இது ஏறிக்கிட்டே போறது நல்லதில்ல, பெரியவரே. நெஞ்சுச் சளி, யூரின் எல்லாம் பார்த்துட்டோம். நாளைக்கும் இறங்கலன்னா இடுப்பைத் திரும்பவும் திறந்து பார்க்கணும்.”

“தாங்குவாளா டாக்டர்?”

அவர் என் தோளைத் தொட்டார்.

கட்டிலுக்கு வந்து, அழுகையை அடக்க அவளுடைய இடக்கையைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் செய்ததே இல்லை. மோதிர விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் மோதிரம் கழலவில்லை, வெட்டவும் விடமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அதனால் மேலே ஒட்டியிருந்தார்கள்.

“இன்னாமே, வலிக்குதா?”

“ஒண்ணியும் இல்ல. சும்மா கெட.”

விடுவேனா? மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன். விரல் கன்றிக் கறுத்து வீங்கியிருந்தது. மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது.

“கெளுத்தி மீனு முள்ளு குத்திச்சிய்யா, வுழுந்த அன்னிக்கு” என்றாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

“அடிப்பாவி! ஏன்மே சொல்லல?”

“சொன்னா மோதிரத்த வெட்டிடுவாங்க. நீ கட்டிகினப்போ போட்டது. நீ உசுரோட கீறப்போ அத்த வெட்டலாமா? உனுக்கு எதுனா ஆயிட்டா?”

எனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று இந்தப் பைத்தியக்காரி சாகத் துணிந்திருக்கிறாள்! கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன எனக்கு.

“லூசு! மோதிரம் போனா கடையில கீது. நீ பூட்டா நான் எந்தக் கடையிலமே போயி நிப்பேன்?”

வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். முத்தம்மா இடக்கையை நீட்டினாள்.

“என் கண்ணு முன்னாடி வெட்ட வேணாம்னு சொல்லு.”

ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். மோதிரத்தை வெட்டும்போது அவள் கண்களை என் உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். உள்ளங்கை நனைந்தது. விரலைக் கீறிச் சீழை எடுத்தார்கள். எண்ணை ஏற்றியது இந்தச் சீழாகத்தான் இருக்கும், இடுப்பைத் திறப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர்.

அப்புறம் இறங்க ஆரம்பித்தது எண். முதலில் பிகு பண்ணிக்கொண்டு இறங்கியது, பிறகு மளமளவென்று. ஒருநாள் காலையில் ஜெஸ்லின் சிரித்துக்கொண்டே வந்து, “எட்டு, தாத்தா!” என்றாள். இனி இடுப்பைத் திறக்கவேண்டியதில்லையாம்.

“எவ்ளோவாம்?” என்று கேட்டாள் முத்தம்மா.

எழுந்து நின்று, மார்க்கெட் குரலை எடுத்துவிட்டேன். “நூத்தம்பது! நூறு! அம்பது! இருவது! எட்டேய்! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!”

பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டினார்கள். முத்தம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஏலம் யாருக்குய்யா வுழுந்துச்சு?”

“எனுக்குத்தாம்மே” என்று சொல்லி, அவளுடைய வெறும் விரலைப் பிடித்தேன். இந்தத் தடவை அவள் கையை இழுக்கவில்லை.