மேலிருந்து மூன்றாவது கட்டை

எங்கள் கட்டடத்து மூன்றாவது மாடிக்காரரை ‘டொய்ங்’ என்றுதான் சொல்வோம். அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார். நாள் முழுக்க ஒரே ஒலியை அடித்து, அது தேய்ந்து அடங்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்து, மறுபடி அதையே அடிக்கிற மனிதரை வேறெப்படி அழைப்பது?

தொழிலே அதுதான். பழங்கால வாத்தியங்களின் ஒலியை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து கம்ப்யூட்டருக்குள் அடுக்கிவிடுவார். சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் இசையமைக்கிறவர்கள் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு, மேசை மேல் இருக்கிற பிளாஸ்டிக் கீபோர்டில் கை வைத்தால் இருநூற்றைம்பது வயது வாத்தியம் பேசும்.

கடைசியாக அவர் பிடித்தது ஒரு ஹார்ப்சிகார்ட். பியானோவுக்கு ஒல்லியான அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டையை அழுத்தினால் உள்ளே ஓர் இறகு முள் தந்தியைக் கிள்ளும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததைக் கெஞ்சிக் கூத்தாடி மூன்று நாள் அனுமதி வாங்கி, அங்கேயே போய் அறுபத்தொரு கட்டைகளையும் பதிவு செய்துவிட்டு வந்தார்.

வந்ததிலிருந்து ஆள் சரியில்லை. போன் அடித்தால் துள்ளுகிறார். படியில் எதிரே வந்தால், நான் கேட்காத கேள்விக்கு “ஒண்ணுமில்லைங்க” என்கிறார். இப்படிச் சொன்னபிறகு ஒருத்தி எப்படிச் சும்மா இருப்பாள்? பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் வேலை பார்க்கும் அவர் மனைவியை மொட்டை மாடியில், துணி எடுக்கும்போது பிடித்தேன்.

“கடைசி நாள் மேலயிருந்து மூணாவது கட்டையை அழுத்தினா வெறும் ‘டக்’குனுச்சாம் அக்கா. சத்தமே வரலையாம். தான்தான் உடைச்சிட்டோம்னு சோறு தண்ணி இல்லாம கிடக்கறார்.”

“முதல் நாளே எல்லாத்தையும் தட்டிப் பார்த்திருக்கலாமே?”

“ஆர்வக் கோளாறு. கீழயிருந்து வரிசையா ஆரம்பிச்சுட்டார்.”

“சரி, அவங்ககிட்ட சொல்லிட வேண்டியதுதானே?”

“சொன்னா இனிமே எந்த மியூசியத்துலயும் வாசப்படி ஏத்த மாட்டாங்களாம். அதுக்குப் பயந்து, பக்கத்துக் கட்டையோட சத்தத்தை அரை ஸ்வரம் ஏத்தி அங்க ஒட்டிட்டார்.” குரலைத் தணித்தாள். “சனிக்கிழமை மியூசியக் காப்பாளர் அம்மா கேக்க வர்றாங்க. எல்லாம் அந்த வாத்தியத்தோட சொந்தச் சத்தம்தான்னு அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் வெளியிட முடியும்.”

சனிக்கிழமை அந்தக் காப்பாளர் வழி தெரியாமல் என் கதவைத்தான் தட்டினார். குட்டையாக வெட்டிய நரைமுடி, தோளில் துணிப்பை, அடி வைப்பதே கேட்காத நடை. நானே மேலே கூட்டிப் போனேன். கூட்டி வந்தவளை உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை.

டொய்ங் சட்டைப் பித்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

“நேரம் இல்லைன்னா அங்கங்க தொட்டுப் பாத்தாப் போதும் மேடம்.”

“நேரம் இருக்கு” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா டொய்ங்கின் மேசைக் கீபோர்டில் முதல் கட்டையிலிருந்து தொடங்கினார். ஒன்று, காத்திருப்பு. இன்னொன்று, காத்திருப்பு. ஐம்பதைத் தாண்டியபோது டொய்ங் அந்தப் பித்தானைக் கழற்றி, மறுபடி அதே தப்பான துளையில் போட்டார். மேலிருந்து மூன்றாவது கட்டை கணீரென்று ஒலித்தது. அம்மா விரலை எடுத்தார். மறுபடி அழுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது எப்படிங்க சத்தம் போடுது?”

“எல்லாம் போடற மாதிரிதான் மேடம்.”

“நான் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். ஒரு நாள்கூட இது வாயைத் திறந்ததில்லை. நிபந்தனைத் தாள்ல எழுதியிருந்தேனே, பதினாலாம் பக்கம்?”

நாற்பது பக்கத்தில் டொய்ங் படித்தது முதல் பக்கமும் கையெழுத்துப் பக்கமும்தான் என்பது விழித்த விழியிலேயே தெரிந்தது. ஆனால் பாருங்கள், அந்த முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். உடைத்தது தானில்லை! ஒரு மூச்சு விடும் நேரம்தான் அது நீடித்தது.

“மூடியைத் திறந்து உள்ள கை வெச்சீங்களா?”

உள்ளே கை வைக்கவே கூடாது என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்ததாம். பழுது பார்த்தேன் என்றால் அத்துமீறல், பார்க்கவில்லை என்றால் பித்தலாட்டம். எதை ஒப்புக்கொள்வது என்று மனிதர் திணறியதில் எனக்கே வியர்த்தது.

“சத்தியமா தொடலை மேடம். அது வந்து... பக்கத்துக் கட்டை. ஏத்தி ஒட்டினேன்.”

“விழுந்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லை நகல் எடுத்து வைக்காதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்” என்றாள் மனைவி. நான் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றினேன். அம்மா சிரிக்கவில்லை.

“அப்போ மத்த அறுபதை நான் எப்படி நம்பறது?”

கேட்டுவிட்டு அம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அருங்காட்சியகத்தில் பதிவு செய்த அசலை எல்லாம் எடுக்கச் சொன்னார். முதலில் அசல், பிறகு இவர் அடுக்கியது, ஒவ்வொரு கட்டையாக. “இன்னொரு தடவை” என்று அவர் சொன்னபோதெல்லாம் டொய்ங் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். நான் கீழே போய் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தேன். நாலு மணி ஆயிற்று. அறுபதிலும் குற்றமில்லை. கடைசியாக அந்த ஊமைக் கட்டையின் அசல். “டக்.” மறுபடி, “டக். டக், டக்.” பிறகு டொய்ங்கின் குரலே அலறியது: “ஐயய்யோ, போச்சு!”

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“முதல் ‘டக்’கை அங்க வைங்க. ‘ஐயய்யோ’ வேண்டாம்.”

“வாங்கறவங்க கெட்டுப்போன சரக்குன்னு திட்டுவாங்களே மேடம்?”

“திட்டட்டும். அந்தக் கட்டைக்காக என்னையும்தான் திட்டறாங்க.”

டொய்ங் மாற்றி வைத்ததும் அம்மா தானே அழுத்திப் பார்த்தார். பையிலிருந்து தாளை எடுத்து, ‘மேலிருந்து மூன்றாவது கட்டை ஊமை, அது வாத்தியத்தின் இயல்பு’ என்று கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

“ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். பதினஞ்சு நாள் என்னையும் சேர்த்துக் கொன்னீங்க” என்றாள் மனைவி.

டொய்ங்குக்கு அது காதில் விழவில்லை. தாளை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“அக்கா, ‘இயல்பு’ன்னு எழுதியிருக்காங்களே, இதுல ஏதாவது உள்குத்து இருக்குமா?”