மூன்று செருப்பின் எடை

ஓவியக்கூடத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சட்டைப் பையில் எப்போதும் சாய்வு பார்க்கும் ஒரு சாண் நீள ரசமட்டத்தைச் செருகிக்கொண்டு திரிவதால் ரசமட்டம் என்பதே பெயராகிவிட்டது. பதினேழு வருஷமாக அடுத்தவர்கள் வரைந்ததைச் சுவரில் மாட்டுவதுதான் வேலை. அவன் மாட்டிய படம் ஒரு நூல்கூடச் சாய்ந்ததில்லை. விரல் முட்டியால் சுவரை இரண்டு தட்டு தட்டினால் போதும், அது எவ்வளவு தாங்கும், ஆணி போதுமா, திருகு வேண்டுமா என்று சொல்லிவிடுவான்.

அதற்கு முன்னால் அவனும் வரைந்துகொண்டுதான் இருந்தான். இதே கூடத்துக்குப் பன்னிரண்டு படங்களைக் கட்டி எடுத்துவந்து கொடுத்தான். ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது, கயிற்றில் அவன் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. திருப்பிக் கொடுத்தவர், படம் மாட்ட ஆள் தேவைப்படுகிறது, வருகிறாயா என்று கேட்டார். வீட்டில் அப்பா இல்லை. அம்மாவும், பள்ளிக்கூடம் போகும் தங்கையும் இருந்தார்கள். வருகிறேன் என்றான்.

அவன் சம்பாத்தியத்தில் படித்து வளர்ந்த அந்தத் தங்கையின் வேலைப்பாட்டுக்குத்தான் இப்போது கூடத்தின் நடுச்சுவரை ஒதுக்கியிருந்தார்கள். அவள் களிமண்ணில் செருப்பு செய்வாள். மாடிப்படியில் அவரவர் வீட்டு வாசலில் கழற்றிப் போட்டுக் கிடக்குமே, அந்த மாதிரி: வார் அறுந்தது, குதிகால் தேய்ந்தது, ஊக்கு குத்தியது. அப்படி அறுபது செருப்புகளைச் சுட்டு, ஒரு பெரிய பலகையில் ஒட்டியிருந்தாள். மொத்தம் இருபத்திரண்டு கிலோ.

நடுச்சுவர் செங்கல் சுவர் அல்ல. தகரச் சட்டத்தில் ஜிப்சம் பலகையை அறைந்து எழுப்பியது. உள்ளே வெறும் காற்று. ஆகவே அண்ணனும் தங்கையும் சேர்ந்து இரும்புக்கடைக்குப் போனார்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே கடைக்காரரிடம் சுவரையும் எடையையும் சொன்னாள். அவர் இறக்கை போல்ட்டை எடுத்துக் காட்டினார். துளைக்குள் மடக்கி நுழைத்தால் சுவருக்குப் பின்னால் இரண்டு இறக்கையும் விரிந்து கவ்விக்கொள்ளும். துளையில் செருகித் திருகாணி ஏற்றும் சாதாரண பிளாஸ்டிக் பிளக்கும் இருக்கிறது, ஆனால் காற்றில் அது எதைப் பிடிக்கும், இந்த எடைக்கு ஒரு நாள் நிற்பதே பெரிசு என்றார். தங்கை இறக்கை போல்ட் நாலு வாங்கினாள். வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் மடக்கி விரித்துக் காட்டினாள். அம்மா அதைப் பொம்மை மாதிரி வாங்கி நாலைந்து தடவை விரித்துப் பார்த்தாள்.

மறுநாள் பலகையைக் கூடத்துக்குக் கொண்டுவந்து சாத்தினார்கள். மேலாளர் அம்மா கைகட்டி நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஒரே வயித்துல பொறந்து, உங்களுக்குச் சுத்தியல், அவளுக்கு இது. என்ன ரசமட்டம், அம்மா பங்கு பிரிக்கும்போது நீங்க தூங்கிட்டீங்களா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். கள்ளம் இல்லாத சிரிப்புதான். அவனுக்கு அது நெஞ்சில் ஆணி இறங்கின மாதிரி இருந்தது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின் அவன் தனியாகப் பலகையை மாட்டினான். பையில் நாலு இறக்கை போல்ட்டும் பொட்டலத்தோடு இருந்தன. அவன் கை அவற்றைத் தாண்டிப் போய் பிளாஸ்டிக் பிளக்குகளை எடுத்தது. எடுத்தது கை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ராத்திரி, பூட்டிய கூடத்தில் யாரும் இல்லாதபோது விழும்; மண் செருப்பு, நொறுங்கிப் போகும்; அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டான். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது.

காலையில் அவன்தான் முதலில் வந்தான். பலகை விழவில்லை. மேல் விளிம்பு மட்டும் சுவரைவிட்டு நகக்கண் அளவுக்கு விலகியிருந்தது. ஏணியைக் கொண்டுவந்து கழற்றி மாட்ட அரைமணி நேரம் போதும். அவன் ஏணியை எடுக்கவில்லை. பத்தரைக்குக் கண்காட்சித் திறப்புக்குக் கூட்டம் வந்துவிட்டது. புகைப்படம் எடுப்பவர், வேலைப்பாட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொல்லி தங்கையைக் கூப்பிட்டார். அவள் நின்றாள், ஒரு கையைப் பலகையின்மேல் வைத்துக்கொள்ளச் சொன்னதும் வைத்தாள். ரசமட்டம் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பலகையின் மேல் விளிம்பைப் பார்த்தான். ஒரு வார்த்தை, தள்ளி நில்லு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கு அப்புறம் ஏன் என்று கேட்பார்கள். அவன் திரும்பி, தண்ணீர் குடிக்க உள் அறைக்குப் போனான். டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது சத்தம் கேட்டது.

பலகை பெயர்ந்தபோது அவள் விலகி ஓடியிருக்கலாம். பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் தாங்கப் போயிருக்கிறாள். வலது மணிக்கட்டு மூன்று இடத்தில் உடைந்து, கட்டைவிரல் நரம்பும் அறுந்துவிட்டது. எலும்பு கூடிவிடும், கட்டைவிரல் இனி மடங்காது என்று மருத்துவர் சொன்னார்.

மேலாளர் அம்மா காரணம் கேட்டபோது அவன் தயங்கவே இல்லை. எடை போட்ட பிறகு அவள் இன்னும் கொஞ்சம் மண்ணை ஒட்டிவிட்டாள், அவனிடம் சொல்லக்கூட இல்லை என்றான். பதினேழு வருஷத்தில் ஒரு படமும் சாய விடாதவனை யார் சந்தேகப்படுவார்கள்?

அது தங்கையின் காதுக்கும் வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் அவனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, இடது கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டுறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் மூணு செருப்பு சேர்த்து ஒட்டினேன்ணா. உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். அதனாலதான் விழுந்திருக்கு, இல்ல?"

மூன்று செருப்பும் சேர்ந்து அரைக் கிலோ தேறாது. இறக்கை போல்ட் நாலும் இன்னொரு பலகையைக்கூடச் சுமந்திருக்கும். அவனைவிட அது யாருக்குத் தெரியும்.

"போனது போகட்டும்" என்றான். "இனிமே சொன்னபடி கேளு."

அவள் தலையாட்டினாள். அழுதுகொண்டே, உன் பேரையும் கெடுக்கப் பார்த்தேனே என்றாள்.

வீட்டில் அம்மா அவனுடைய வேலைப்பையைத் துவைக்கலாம் என்று கவிழ்த்துக் கொட்டினாள். பொட்டலம் விழுந்தது. அவன் கை கழுவிவிட்டு வரும்போது அம்மா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது மிச்சமாப்பா?"

"ஆமாம்மா, மிச்சம்."

"நாலுதானே வாங்கினா. நாலும் இருக்கே."

அவன் ஈரக் கையைத் துண்டில் துடைத்தான். அம்மா இன்னொரு தடவை கேட்கவில்லை. பொட்டலத்தைக் குப்பையில் அடியில் போகும்படி அழுத்தினாள்.

"அவளுக்குக் கையும் போச்சு. அண்ணனும் இல்லேன்னு ஆக வேண்டாம்" என்றாள். "எனக்கும் வேற யாரு இருக்கா." பிறகு அவனுக்குத் தட்டு வைத்தாள்.

மேலாளர் அம்மா இரக்கப்பட்டு, தங்கைக்குக் கூடத்திலேயே டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் வேலை போட்டுக்கொடுத்தார். அண்ணனும் தங்கையும் தினமும் ஒரே பஸ்ஸில் போய்வந்தார்கள். படங்கள் இவ்வளவு நேராக இருக்கிறதே என்று யாராவது பாராட்டினால், எங்க அண்ணன் மாட்டினது என்பாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் இடது கையால் பிசைந்த மண் கட்டியை மேசை இழுப்பறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். கோணல்மாணலாக இருந்தாலும் குழந்தைச் செருப்பு என்று தெரிந்தது. வாரில் ஊக்குகூட வைத்திருந்தாள். எப்படி இருக்கிறது என்று அவன் முகத்தையே பார்த்தாள்.

நன்றாக இருந்தது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்கும்மா உன்னை நீயே வதைச்சுக்கிற" என்று மிகவும் கனிவாகக் கேட்டான். "பார்க்கிறவங்க பாவம்னு சொல்லுவாங்க. அது உனக்கு வேணுமா?"

அவள் கொஞ்ச நேரம் அதை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் நசுக்கி உருண்டையாக்கி, தாளில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, வரிசையில் நின்றவருக்கு டிக்கெட் கிழித்தாள். அவன் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அன்று மத்தியானம் அவனுக்கு நன்றாகப் பசித்தது.